கழிவும் கடிதமும் செல்லும் ஒரே வழி

தன்னுண்ணலை (autophagy) விளக்க நேர்ந்தபோதெல்லாம், அதைச் செல்லின் துப்புரவுப் பணி என்றே பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். பழுதடைந்த புரதங்களையும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் இரட்டைச் சவ்வு கொண்ட ஒரு பை வளைத்து மூடி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமிடம் ஒப்படைக்கிறது. அங்குள்ள நொதிகள் அவற்றைச் சிதைத்து, மீண்டும் பயன்படக்கூடிய மூலப்பொருள்களாகத் திருப்பித் தருகின்றன. 1963-இல் கிறிஸ்டியன் டி டூவ் இதற்குப் பெயரிட்டார். ஈஸ்ட் செல்களில் இதன் மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த விளக்கத்தில் பிழை இல்லை, ஆனால் அது பாதிக் கதைதான். செல் எதைச் செரிக்கிறது என்பதோடு, செரிக்காமல் எதை வெளியே அனுப்புகிறது என்பதையும் தன்னுண்ணலின் கருவிகள் தீர்மானிக்கின்றன. புற்றுநோய்ச் செல்லில் இந்த இரண்டாவது பாதியின் விளைவுகள் மிகக் கடுமையானவை.

செல்கள் வெளியிடும் நுண்குமிழிகளில் எக்ஸோசோம்கள் மிகச் சிறியவை. அவற்றின் விட்டம் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். 1983-இல், முதிர்ந்துகொண்டிருக்கும் சிவப்பணுக்களை ஆராய்ந்தவர்கள், அவை தமக்கு இனித் தேவைப்படாத, இரும்பை உள்வாங்க உதவும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளைச் சிறு குமிழிகளில் அடைத்து வெளியேற்றுவதைக் கண்டார்கள். ரோஸ் ஜான்ஸ்டோனின் குழு 1987-இல் எக்ஸோசோம் என்ற பெயரைப் பயன்படுத்தியது. அதே சிவப்பணு முதிரும்போது தன் மைட்டோகாண்ட்ரியாக்களைத் தன்னுண்ணல் மூலம் நீக்குகிறது என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. ஒரே செல், ஒரே பருவத்தில், சிலவற்றை உள்ளே செரித்தும் சிலவற்றை வெளியே தள்ளியும் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. நெடுங்காலம் குப்பை என்றே எண்ணப்பட்ட இந்தக் குமிழிகள் ஆர்.என்.ஏ.வைச் சுமந்து சென்று வேறொரு செல்லிடம் சேர்க்கின்றன என்பது 2007-இல் வெளியானபோதுதான், அவற்றைச் செய்தி தாங்கிகளாகப் பலரும் பார்க்கத் தொடங்கினர்.

இரு பணிகளும் சந்திக்கும் இடம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸோசோம்கள் முதலில் ஒரு பெரிய பைக்குள் சிறு குமிழிகளாகத் திரள்கின்றன. அந்தப் பை லைசோசோமோடு இணைந்தால் உள்ளிருப்பவை அழிந்துபோகும். செல்லின் வெளிச்சவ்வோடு இணைந்தால் அவை எக்ஸோசோம்களாக வெளியேறும். தன்னுண்ணல் பையும் இந்தக் குமிழிப் பையோடு இணைந்து ஒரு கலப்புப் பையை உருவாக்க முடியும். லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயின் செல்களைப் பட்டினி போட்டோ ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்தோ தன்னுண்ணலைத் தூண்டியபோது, குமிழிப் பைகள் அந்த இணைப்பை நோக்கித் திரும்பின. எக்ஸோசோம் வெளியீடு குறைந்தது. இதை மட்டும் படித்தால், தன்னுண்ணல் கூடினால் செய்திகள் குறையும் என்ற எளிய விதி கிடைத்துவிட்டதாகத் தோன்றும். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் செய்யப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. தன்னுண்ணலுக்கு இன்றியமையாத ஏடிஜி5 புரதமோ அதன் கூட்டாளியான ஏடிஜி16எல்1 புரதமோ இல்லாத செல்களில் எக்ஸோசோம் வெளியீடு கூடவில்லை, குறைந்தது. இவ்விரு புரதங்களும் குமிழிப் பைக்குள் அமிலத்தை ஏற்றும் பம்பைப் பிரித்துச் செயலிழக்கச் செய்கின்றன. அமிலம் குறைந்த பை செரிமானத்துக்குப் பயன்படாமல் வெளிச்சவ்வை நோக்கிச் செல்கிறது. தன்னுண்ணலுக்குத் தேவையான மற்றொரு புரதமான ஏடிஜி7-ஐ நீக்கியபோது இந்த விளைவு ஏற்படவில்லை. எனவே இங்கே வேலை செய்தது தன்னுண்ணல் என்ற முழுச் செயல்முறை அன்று, அதன் கருவிகளில் சில மட்டுமே. 2020-இல் வெளியான மற்றொரு ஆய்வு, அதே குடும்பத்தின் எல்சி3 புரதம் ஆர்.என்.ஏ.வைப் பற்றும் புரதங்களைப் பிடித்துக் குமிழிகளுக்குள் ஏற்றுவதைக் காட்டியது. அதாவது, எத்தனை கடிதங்கள் போகின்றன என்பதோடு, கடிதத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதிலும் இந்தக் கருவிகளுக்குப் பங்கு உண்டு.

இந்தக் கடிதங்கள் நோயாளிக்குத் தீங்கு செய்பவை. 2015-இல் டேவிட் லைடனின் குழு, எக்ஸோசோம்களின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற ஒட்டும் புரதத்தின் வகை அவை சேரும் உறுப்பைத் தீர்மானிப்பதைக் காட்டியது: ஆல்ஃபா6பீட்டா4 நுரையீரலோடும், ஆல்ஃபாவிபீட்டா5 கல்லீரலோடும் தொடர்புபட்டது. புற்றுநோய்ச் செல் வந்து குடியேறும் முன்பே அதற்கான இடத்தை இக்குமிழிகள் பண்படுத்துகின்றன. மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்கள், பிடி-எல்1 புரதத்தைச் சுமக்கும் எக்ஸோசோம்களை அனுப்பி, நோயெதிர்ப்பு டி செல்களைத் தாம் நெருங்காமலேயே அடக்குவதும் 2018-இல் தெரியவந்தது.

ஆகையால், தன்னுண்ணலைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, அவை எந்தப் படியில் தடுக்கின்றன என்பதையே. கட்டியின் உட்பகுதியில் ஆக்சிஜனும் உணவும் குறைந்த சூழலில் தன்னுண்ணலே செல்லைக் காப்பாற்றுவதால், அதை நிறுத்தும் எண்ணம் நியாயமானதே. புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுள்ள ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மருந்து, தொடக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் படியான லைசோசோமின் பணியைக் கெடுக்கிறது. பைகள் உருவாகிக்கொண்டே இருக்க, செரிக்கும் இடம் மட்டும் அடைபடுகிறது. லைசோசோம் இவ்வாறு தடைபடும்போது, உள்ளே அழிந்திருக்க வேண்டிய பொருள்களைச் செல் குமிழிகளோடு வெளியே தள்ளுவது ஆய்வகச் சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. தொடக்கப் படியில் ஏடிஜி5-ஐ நீக்குவதும் இறுதிப் படியில் லைசோசோமை முடக்குவதும் 'தன்னுண்ணல் தடுப்பு' என்ற ஒரே பெயரில் எழுதப்படுகின்றன. குமிழிகளைப் பொறுத்தவரை அவை எதிரெதிர்த் திசைகளில் செல்லக்கூடியவை. இத்தகைய மருந்தைச் சோதிப்பவர்கள் கட்டியின் அளவோடு நிறுத்திக்கொள்ளாமல், நோயாளியின் இரத்தத்திலுள்ள குமிழிகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எண்ணி, அவற்றின் இன்டெக்ரின்களையும் பிடி-எல்1-ஐயும் அளந்து பதிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.