பாக்கி

ஜனவரி 29

நம் கால்பந்து கிளப்பில் வளர்ந்த பையன் வெளிநாட்டுக் கிளப் ஒன்றில் சேர மெடிக்கலுக்குப் போயிருக்கிறானாம், உடல் பரிசோதனைக்கு. செய்தி அவ்வளவுதான். ஒரு படம்: விமான நிலையம், தோளில் பை, பக்கத்தில் ஏஜென்ட். கிளப் தலைவர் அதையே காலையிலிருந்து திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறார். முழங்காலைக் காரணம் காட்டி மெடிக்கலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு என்று பதில் போடத் தோன்றியது. போடவில்லை. இன்றைக்காவது அவர் சந்தோஷமாக இருக்கட்டும்.

ஜனவரி 30

ஒன்றும் இல்லை. மழை.

ஜனவரி 31

கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனை வாங்கிய தொகையை இரண்டு கிளப்பும் வெளியிடவில்லை.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாடு விட்டு நாடு போகும் டிரான்ஸ்ஃபரில் அந்தத் தொகையின் 5 சதவீதத்தை, வீரனை 12 வயதிலிருந்து 23 வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வரை ஒரு சீசனுக்கு மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை 0.5. நம்மிடம் 12-இல் வந்து 16 முடிகிற வரை இருந்தான். நாலு கால் ஒன்று, கூட ஓர் அரை. ஒன்றரை சதவீதம். எதில் ஒன்றரை என்பதுதான் தெரியவில்லை. பத்திரிகைகள் ஆளுக்கொரு தொகை போடுகின்றன. எல்லாவற்றிலும் குறைந்ததை எடுத்துக்கொண்டேன். அதில் வருவதே இரண்டு மாதச் சம்பளத்தையும் லீக் கட்டணத்தையும் அடைத்துவிடும். கூட்டிப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தேன். பிறகு எழுந்து மறுபடியும் கூட்டினேன்.

பிப்ரவரி 1

சம்பளத் தேதி. டிசம்பர் பாக்கி, இப்போது ஜனவரியும். டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் போகாமல் பின் கேட் வழியாக ஆபீசுக்கு வந்தேன்.

பிப்ரவரி 3

கேப்டன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கவரை மேசையில் வைத்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வக்கீல் இப்படித்தான் எழுதணும்னார்."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. விதி அவர்கள் பக்கம். இரண்டு மாதச் சம்பளம் தேதிக்கு வரவில்லையென்றால் வீரன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் அவகாசம் தரலாம். அதற்குள்ளும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். 2018-இலிருந்து இது ஃபிஃபா விதியிலேயே இருக்கிறது. நியாயமான விதி. வீட்டு வாடகையைக் கிளப் மேல் உள்ள பாசத்தில் கட்ட முடியாது.

எல்லோருக்கும் தனித்தனி நோட்டீஸ், ஒரே வாசகம், கீழே கையெழுத்து. இரண்டாவது கோல்கீப்பருடையது மட்டும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

18-ஆம் தேதி.

பிப்ரவரி 5

ஸ்பான்சர் விலகி மாதமாகிறது, அவர்கள் பெயர் மட்டும் இன்னும் நம் நெஞ்சில் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி அவர்கள் தரப்பிலிருந்து கடிதம். பணம் தராததற்கு ஒரு வரி விளக்கம் இல்லை, பெயரை எடுக்க ஒரு பக்கம்.

புது செட் தைக்க வழியில்லை. ஜெர்சி அண்ணன் இஸ்திரிப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். எழுத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, சூடு ஏற்றி, பசை இளகியதும் ஓரத்தை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும். பாதியில் நின்றால் துணியும் சேர்ந்து வரும். முதல் எழுத்து நன்றாக வந்தது. நடு எழுத்தில் வளைவு இருந்ததால் துண்டு துண்டாகப் பிய்ந்தது. உரித்த இடம் வெயில் படாத தோல் மாதிரி பளிச்சென்று கிடக்கிறது. அதனால் பெயர் போகவே இல்லை. முன்பு வெள்ளையில் இருந்தது, இப்போது அடர் நீலத்தில் இருக்கிறது.

"கேலரியிலேர்ந்து பாத்தா தெரியாது" என்றார் அண்ணன். கேலரியில் யார் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 7

0-1. கார்னரில் வந்த கோல். வேறு எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 9

தூக்கம் வரவில்லை. இங்கிலாந்தின் பரி கிளப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1885-இல் தொடங்கியது, 1894-இலிருந்து இங்கிலாந்து லீகில் ஆடியது, எஃப்.ஏ. கோப்பையை 1900-இலும் 1903-இலும் வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுன்ட்டியை 6-0. அப்பேர்ப்பட்ட கிளப்பை 2019 ஆகஸ்ட் 27 அன்று லீகிலிருந்து நீக்கினார்கள். கடனை அடைக்கப் பணம் இருக்கிறது என்று உரிமையாளரால் காட்ட முடியவில்லை. அதே ஆண்டுதான் அந்த அணி ஒரு பிரிவு மேலே ஏறியிருந்தது! ஆடுகளத்தில் எல்லாம் சரி, சம்பளம்தான் இல்லை.

அந்தக் கடைசி நாள் காலையில் கிளப் கைமாறிவிடும் என்று நம்பி ரசிகர்கள் மைதானத்தைச் சுத்தம் செய்ய வந்தார்கள். வாளி, துடைப்பம், பெயின்ட். நாற்காலிகளைத் துடைத்தார்கள். வாங்க வந்தவர்கள் மதியம் பின்வாங்கினார்கள். மாலை 5 மணிதான் கெடு, இரவு நீக்கல் அறிவிப்பு.

துடைத்த நாற்காலிகளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு இங்கிலாந்து கிளப், அக்ரிங்டன் ஸ்டான்லியின் கதை வேறு. 1962 மார்ச்சில் கடன் தாங்காமல் லீகிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதினார்கள். உடனே மனம் மாறி, அதைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு கடிதம். லீக் முதல் கடிதத்தைத்தான் ஏற்றுக்கொண்டது. காலியான இடம் ஆக்ஸ்ஃபர்ட் யுனைடெட்டுக்குப் போனது. 1968-இல் புதிதாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2006-இல் அக்ரிங்டன் லீகுக்குத் திரும்பியபோது கீழே இறங்கிய அணிகளில் ஒன்று அதே ஆக்ஸ்ஃபர்ட். இதை யாராவது கற்பனையாக எழுதியிருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்பேன்.

நாளை காலை முதல் வேலை: தலைவர் எந்தக் கடிதத்தையும் என்னிடம் காட்டாமல் அனுப்பக் கூடாது என்று சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11

கால்பந்துச் சங்கத்துக்குப் போன் செய்தேன். பையனின் மின்னணுப் பாஸ்போர்ட் தயாராகிக்கொண்டிருக்கிறதாம். எந்த வயதில் எந்தக் கிளப்பில் பதிவு என்ற பட்டியல்தான் அது. முன்பெல்லாம் வாங்கிய கிளப்பின் பின்னாலேயே ஓட வேண்டும். ஃபிஃபாவின் கிளியரிங் ஹவுஸ் 2022 நவம்பரில் வந்த பிறகு பணம் அவர்கள் வழியாகத்தான் வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டியலில் என்ன தேதி இருக்கிறதோ அதற்குத்தான் பணம்.

இன்னொன்றும் சொன்னார்கள். வாங்கிய கிளப் தவணையில் கட்டுகிறது என்றால் நம் பங்கும் தவணையில்தான் வரும். போனை வைத்தேன். 31-ஆம் தேதி போட்ட கணக்குத் தாளை எடுத்து மேசை இழுப்பறையில் குப்புற வைத்தேன்.

பிப்ரவரி 12

இனி எல்லா உள்ளூர் ஆட்டமும் மதியம். ஃபிளட்லைட் போட முடியாது. மின்சாரத்தில் மிச்சம் பிடிப்பதை டிக்கெட்டில் விடுவோம். வேலை நாளில் மதியம் யார் வருவார்கள்? ஓய்வு பெற்றவர்களும், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும். சரி, வரட்டும்.

பிப்ரவரி 14

முதலீட்டாளர் வந்தார். நல்ல ஷூ, அதனால் புல்லில் இறங்கவில்லை, ஓரமாகவே நடந்தார். கோச் அணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் தலையை ஆட்டிக்கொண்டே, "இந்த இடம் யார் பேர்ல இருக்கு?" என்றார். குத்தகை என்றேன். எத்தனை வருடம் பாக்கி, மேல் வாடகைக்கு விடலாமா, பார்க்கிங் பகுதி தனிப் பட்டாவா. எல்லாம் சரமாரியாக. எத்தனாவது இடத்தில் இருக்கிறோம் என்று கடைசி வரை கேட்கவில்லை.

தலைவர் அவரைக் கார் வரை வழியனுப்பிவிட்டு வந்து, "நம்பிக்கையா இருக்கு" என்றார். எனக்கு நம்பிக்கையாக இல்லை. நிலத்தை முதலில் கேட்கிறவன் பந்தைக் கடைசியில்தான் கேட்பான், கேட்டால்.

பிப்ரவரி 16

உறுப்பினர் கூட்டம். சத்தம்.

யாரோ ஜெர்மனியின் யூனியன் பெர்லின் கிளப்பை இழுத்தார்கள். எல்லாக் கூட்டத்திலும் யாராவது யூனியன் பெர்லினை இழுத்துவிடுகிறார்கள். 2004-இல் ரசிகர்கள் ரத்த தானம் செய்து, கிடைத்த பணத்தைக் கிளப்புக்குக் கொடுத்தது உண்மை. 2008-இல் தொடங்கி 2,000 பேருக்கு மேல் சம்பளமில்லாமல் உழைத்து மைதானத்தைக் கட்டியதும் உண்மை, மொத்தம் 1,40,000 மணி நேரம். 2019-இல் ஜெர்மனியின் முதல் பிரிவுக்கு ஏறினார்கள். எல்லாம் உண்மை. நம் ஆட்களும் ரத்தம் கொடுப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை. சந்தாதான் கொடுக்க மாட்டார்கள்.

பேசி முடித்தவர்களிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்டினேன். முன் வரிசை கொடுத்தது. பின் வரிசையில் பாதிப் பேர் போன் பேசுவதற்கு வெளியே போயிருந்தார்கள். ஆனால் ஒரு பெரியவர் இந்த வருடச் சந்தாவோடு அடுத்த வருடச் சந்தாவையும் கட்டினார். "அடுத்த வருசம் இருப்பமான்னு தெரியலயே ஐயா" என்றேன். "நீங்களா, நானா?" என்றார்.

பிப்ரவரி 18

மாலை வரை ஒரு மாதச் சம்பளம் திரண்டது. தலைவர் எங்கே வாங்கினார் என்று சொல்லவில்லை. அவர் மனைவி ஆபீசுக்கு வந்து என்னிடம் பேசாமல் போனதிலிருந்து ஓரளவு தெரிகிறது.

நோட்டீஸ்படி முழுப் பாக்கியும் வந்திருக்க வேண்டும். பாதி வந்தால் விதிப்படி அது வராத மாதிரிதான். கேப்டனிடம் அதை நானே சொன்னேன், பிறகு யாரும் மறைத்ததாகச் சொல்லக் கூடாது. அவர் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம். வெளியே வந்து, "மார்ச் கடைசி வரைக்கும் பாக்கறோம் சார். எல்லாரும் இல்ல" என்றார்.

பிப்ரவரி 19

ஒன்பதாம் நம்பர் போய்விட்டான். இந்த சீசனில் நாம் போட்ட கோலில் பாதி அவனுடையது. திட்ட மனம் வரவில்லை. அவன் தங்கை கல்யாணத்துக்கு நான்தான் அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்தேன், அதையும் இன்று கணக்கில் கழித்துக்கொள்ளச் சொன்னான். கழிக்க அவன் கணக்கில் நாம்தான் பாக்கி.

அப்புறம், இரண்டாவது கோல்கீப்பர் ஏன் நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. அவனுக்குச் சம்பள ஒப்பந்தமே கிடையாது. பயணப்படி மட்டும். முறித்துக்கொள்ள அவனிடம் ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 22

ஜெயித்தோம்! 2-1. பாதி அணி 19 வயதுக்குட்பட்ட பொடியன்கள். மதிய வெயிலில் ஓடி ஓடி எதிரணியைக் களைக்க வைத்துவிட்டார்கள். இரண்டாவது கோல் போட்டவன் வலது ஓரத்தில் ஒருவனைத் தாண்டி, உள்ளே வெட்டி, இன்னொருவனைத் தாண்டும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் நம்மிடம் எந்த வயதில் சேர்ந்தான் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. 12-ஆ, 13-ஆ? பந்து வலைக்குள் போன பிறகும் அதே யோசனை. ஆபீசுக்குப் போய் முதலில் அவன் பதிவு அட்டையைத்தான் எடுத்தேன். 11. நல்லது.

பிப்ரவரி 25

சங்கத்திலிருந்து மின்னஞ்சல். பையன் 16 வயது சீசனில் ஜனவரியிலேயே நம்மிடமிருந்து போய்விட்டதாக அவர்கள் பதிவு சொல்கிறது. அவனை அடுத்து எடுத்த கிளப்பும் அதையே சொல்கிறது. அப்படியானால் அந்த வயதுக்கான அரை சதவீதத்தில் பாதி அந்தக் கிளப்புக்கு.

இல்லை. சீசன் முடிகிற வரை இங்கேதான் இருந்தான். ஏப்ரலில் மழையில் நின்று கத்திக்கொண்டே அவன் ஆடியதைப் பார்த்தவன் நான். நான் பார்த்தேன் என்பது ஆவணம் இல்லை. எழுத்து வேண்டும்.

பிப்ரவரி 26

பீரோவில் இல்லை. பழைய செயலாளர் வீட்டில் இல்லை.

பிப்ரவரி 27

கிடைத்துவிட்டது. கிடைத்த இடத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அண்ணன் பூட்ஸ் அலமாரித் தட்டுகளில் பழைய டீம் ஷீட்டுகளைத்தான் விரித்து வைத்திருக்கிறார், சேறு ஒட்டாமல் இருக்க. ஒவ்வொரு ஜோடியாகத் தூக்கி, அடியில் இருப்பதைப் படித்தோம். கீழ்த்தட்டில், அளவு 8 பூட்ஸுக்கு அடியில், 17 வயதுக்குட்பட்டோர் ஆட்டம், ஏப்ரல் தேதி, மாற்று வீரர் வரிசையில் அவன் பெயர். நடுவரின் கையெழுத்து மேல் ஸ்டட் தடம் ஆறு வட்டமாகப் பதிந்திருக்கிறது. ஆனால் படிக்க முடிகிறது.

ஸ்கேன் செய்து அனுப்பினேன். அண்ணன் அந்த இடத்தில் வேறு தாளை விரித்தார். "அதுல என்ன இருக்குன்னு பாத்தீங்களாண்ணே?" என்றேன். இந்த வருட டீம் ஷீட். பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 1

சம்பளத் தேதி.

மார்ச் 3

முதலீட்டாளரிடமிருந்து ஒரு வரைவு ஒப்பந்தம். முப்பது பக்கத்துக்கு மேல். கால்பந்து என்ற சொல் கிளப்பின் பெயரில் மட்டும் வருகிறது. தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். வக்கீல் பார்க்கட்டும் என்று வாங்கி வந்துவிட்டேன். கோபம் அவருக்கு. இருக்கட்டும். அவர் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தக் கோபத்துக்கு நான் பதில் சொல்லவில்லை.

மார்ச் 4

சங்கம்: "பரிசீலனையில் உள்ளது."

மார்ச் 5

நாளை ஆட்டம். ஆம்புலன்ஸ் வராமல் நடுவர் விசில் ஊத மாட்டார், போன தடவைக்கு உண்டானதைக் கொடுத்தால்தான் வருவேன் என்கிறார் டிரைவர். ஒன்பதாம் நம்பர் ஜெர்சி யாருக்கு என்று கோச் இன்னும் சொல்லவில்லை, அதன் தையலும் விட்டிருக்கிறது. மின் இணைப்பைத் துண்டிக்கப் போவதாக நோட்டீஸ், காலை பத்து மணிக்குள் போய்ப் பேச வேண்டும். வெள்ளைக் கோடு போடச் சுண்ணாம்பு ஒரு பக்கத்துக்குத்தான் வரும். பெனால்டி ஏரியா இரண்டையும் முதலில் போடச் சொல்லியிருக்கிறேன்.