மாடியில் கத்தரி, பானையில் மாப்பிள்ளைச் சம்பா

தெருமுனை இயற்கை அங்காடியில் ஆடி மாதம் வாங்கிய நாட்டுக் கத்தரி விதைகள், தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் செம்மண்ணும் கலந்து நிரப்பிய பைகளில் முளைத்து, இப்போது ஊதாப் பூக்களோடு நிற்கின்றன. இடையில் மாவுப்பூச்சி இலையடியில் வெள்ளைப் பஞ்சுபோல் அப்பிக்கொண்டபோது, 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளித்தேன். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும் என்பதை முதல் முறை வீணடித்த பிறகே கற்றேன்.

அதே கடையில் கிடைக்கும் மாப்பிள்ளைச் சம்பா, திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் பரப்பிய பாரம்பரிய நெல் ரகங்களில் ஒன்று. முந்தைய இரவே ஊறவைக்காவிட்டால் எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றே இருக்கிறது. சோறாக உண்பதைவிட, மறுநாள் காலையில் சின்ன வெங்காயத்தோடு நீராகாரமாகக் குடிப்பதே எனக்கு உகந்ததாக இருக்கிறது.