எங்கள் ஊர் காம்ப்ளி

1993ல் பொன்மலையில் எங்களுக்கென்று ஒரு காம்ப்ளி இருந்தார். நிஜப் பெயர் வேறு. ஆனால் அந்த வருடம் பிப்ரவரிக்குப் பிறகு அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. இடதுகைக்காரர், நல்ல கறுப்பு, கழுத்தில் கவரிங் செயின். மும்பை வான்கடே மைதானத்தில் இந்திய ஆட்டக்காரர் வினோத் காம்ப்ளி இங்கிலாந்துக்கு எதிராக 224 அடித்ததை டிவியில் பார்த்துவிட்டு, தன் பேட்டின் கைப்பிடிக்கு சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினார். காம்ப்ளி ஒன்றின் மேல் ஒன்றாக கிரிப் ஏற்றிக் கைப்பிடியைத் தடிமனாக வைத்திருப்பார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடையில் கிரிப் வாங்கக் காசில்லை. சோப்புத் தண்ணீர் தடவி, ஆளுக்கொரு பக்கம் இழுத்து, மூன்று அடுக்கு டியூப் ஏற்றினோம். நான் அப்போது ஆறாம் வகுப்பு. ஒரு முனையைப் பிடிக்க விட்டதே எனக்குப் பெரிய பதவி.

ஜி கார்னர் மைதானத்தில் மேட்டிங் விக்கெட், அதாவது பாய் விரித்த பிட்ச். பந்து குத்தி நெஞ்சுக்கு எழும்பும், மற்றவர்கள் குனிந்துகொள்வார்கள். எங்கள் காம்ப்ளி அண்ணன் பின்னங்காலில் போய் நின்று அதை வெட்டுவார். அவர் வெட்டும் பந்து பறக்கும் பாயிண்ட் பக்கம் ஒரு வேப்பமரம், அதன் நிழலில்தான் எல்லோரும் சைக்கிளை நிறுத்துவோம். அவர் பேடு கட்டிக்கொண்டு இறங்கினாலே நாலு பேர் எழுந்து போய் சைக்கிள்களை நகர்த்தி வைப்பார்கள். அந்த மரியாதையை அதற்குப் பிறகு நான் எந்த ஆட்டக்காரருக்கும் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தது. மேட்ச் ஜெயித்தால் குடி, தோற்றால் குடி, மழை வந்து ஆட்டம் நின்றால் அதற்கும் குடி. லீவு போட்டுப் போட்டே வேலை போனது. முப்பது வயதில் டோர்னமென்ட்டுக்கு அம்பயராக நின்றார், முப்பத்தைந்தில் அதற்கும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் அவருக்குக் குழி பறிக்கவில்லை. அவராகவே போய் விழுந்தார்.

நிஜக் காம்ப்ளியின் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 1988 பிப்ரவரி, மும்பை ஆசாத் மைதானம், ஹாரிஸ் ஷீல்டு பள்ளிப் போட்டி. சாரதாஷ்ரம் பள்ளிக்காக இரண்டு பையன்கள் ஆட்டமிழக்காமல் 664 ரன் சேர்த்தார்கள். டெண்டுல்கர் 326, காம்ப்ளி 349. ஒருவர் உழைத்தார், உச்சிக்குப் போனார். இன்னொருவர் ஆடம்பரத்தில் அழிந்தார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முயல் ஆமைக் கதை மாதிரி.

அந்தக் கதையில் விட்டுப்போவது, முயல் நிஜமாகவே எவ்வளவு தூரம் ஓடியது என்பது. இங்கிலாந்துக்கு எதிராக 224. அடுத்த டெஸ்ட், டெல்லியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227. அப்புறம் இலங்கையில் 125, 120. முதல் ஏழு டெஸ்ட்டில் 793 ரன். 14 இன்னிங்ஸில் ஆயிரத்தைத் தொட்டுவிட்டார். இதெல்லாம் டெண்டுல்கர் ஆடிக்கொண்டிருந்த அதே அணியில். 1994ல் ஷார்ஜாவில் ஷேன் வார்னின் ஒரே ஓவரில் 22 அடித்தார். பிறகு வெஸ்ட் இண்டீஸ் வந்தது. வால்ஷும் கென்னி பெஞ்சமினும் உடம்பைக் குறிவைத்து வீச, மூன்று டெஸ்ட்டில் 64 ரன்தான். 1995 நவம்பரில் கடைசி டெஸ்ட் ஆடியபோது அவருக்கு 24 வயது நிறையவில்லை. மொத்தம் 17 டெஸ்ட், 1084 ரன், சராசரி 54.20. ஒருநாள் போட்டிகளில் 2000 வரை வருவதும் போவதுமாக இருந்தார். டெஸ்ட்டின் வெள்ளை உடையில் திரும்ப வரவே இல்லை.

1996 மார்ச் 13. ஈடன் கார்டனில் உலகக் கோப்பை அரையிறுதி. 252 எடுக்க வேண்டும். 98க்கு ஒரு விக்கெட் என்று இருந்தது, டெண்டுல்கர் ஸ்டம்பிங் ஆனார், அதன் பிறகு சீட்டுக்கட்டு மாதிரி சரிந்து 120க்கு எட்டு. கூட்டம் பாட்டில் எறிந்து தீ வைத்ததும், ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள். 10 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்ற காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே நடந்தார். எங்கள் பக்கத்து வீட்டு டிவி முன்னால் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். "பொம்பள மாதிரி அழுவுறான் பாரு" என்று யாரோ சொல்ல, நானும் சிரித்தேன். எங்கள் காம்ப்ளி மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குப் பதினைந்து வயது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று அந்தச் சிரிப்பை நினைத்தால் கொஞ்சம் கூசுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காம்ப்ளியின் உடல்நிலை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் என் நண்பர்கள் சொல்வது ஒன்றுதான்: "அவனா தேடிக்கிட்டது. கிடைச்சதைக் கோட்டை விட்டவனுக்கு எதுக்குப் பரிதாபம்? வாய்ப்பே கிடைக்காதவன் எத்தனை பேர் இருக்கான்." பல வருடம் நானும் இதைத்தான் சொன்னேன். சிவராமகிருஷ்ணனைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். 1984ல் வான்கடே டெஸ்ட்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டை எடுத்த நம் சென்னைப் பையன், மொத்தமே ஒன்பது டெஸ்ட்டோடு முடிந்தார். "தலைக்கனம்" என்று பெரியவர்கள் சொன்னதை அப்படியே நானும் ஒப்பித்தேன். 2021ல் அவரே வாயைத் திறந்து, தன் நிறத்துக்காக வாழ்நாளெல்லாம் பட்ட ஏளனத்தைச் சொன்னபோதுதான், அந்த ஒற்றை வார்த்தைக்குள் நாங்கள் எதையெல்லாம் போட்டு மூடியிருந்தோம் என்று உறைத்தது.

ஆனால் "பாவம், காம்ப்ளியை வளரவிடாமல் செய்துவிட்டார்கள்" என்று உருகுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. குடியைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

என் கணக்கை மாற்றியது காம்ப்ளி இல்லை, அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி. நான் கோவைக்கு வேலைக்குப் போன பிறகு, ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன் பஸ் ஸ்டாண்டிலோ டீக்கடையிலோ பிடித்துவிடுவார். "தம்பி, ஒரு இருநூறு இருக்குமா?" கொடுப்பேன். பழைய ஆட்டத்துக்குச் செலுத்தும் காணிக்கை என்று மனதுக்குள் பெருமைகூட இருந்தது. மூன்று வருடம் முன்பு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணி இட்லி மாவு ஆட்டிக்கொண்டே சொன்னார்: "பாவம் பார்த்து குடுக்கிறீங்க தம்பி, சரி. நீங்க குடுத்த இருநூறு ராத்திரி பதினோரு மணிக்கு என் வீட்டுக் கதவைத்தான் வந்து இடிக்குது."

கிரைண்டர் சத்தத்தில் சரியாகக் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன். நன்றாகவே கேட்டது.

அண்ணிக்கு அண்ணன் மேல் பரிதாபம் கிடையாது. இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவர் இழந்தது திறமையை இல்லை. நகை, தூக்கம், பிள்ளையின் காலேஜ் பீஸ். மன்னிக்க மாட்டேன் என்று சொல்கிற உரிமை அவருக்கு முழுசாக உண்டு. எனக்கு? அண்ணன் வீணாய்ப் போனதில் என் சட்டைப்பையிலிருந்து என்ன போனது? மாறாக, மரத்தடியில் சைக்கிள் நகர்த்திய மத்தியானங்கள் எனக்குச் சும்மா கிடைத்தவை. காம்ப்ளியிடமும் அப்படித்தான். 224ஐ வாங்கிக்கொண்டோம், 227ஐ வாங்கிக்கொண்டோம். அதற்கு மேல் ஐயாயிரம் ரன் பாக்கி வைத்துவிட்டார் என்று கடன்காரர் மாதிரி வாசலில் நின்று பேசுகிறோம். பரிதாபத்தை மறுக்கும் உரிமை அடிபட்டவர்களுக்கு இருக்கட்டும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போன நமக்கு அது எங்கிருந்து வந்தது?

பரிதாபம் என்றால் என் இருநூறு ரூபாய் இல்லை. அது கையைக் கழுவிக்கொள்ளக் கொடுத்த காசு. 2024 டிசம்பரில் கபில் தேவ் சொன்னதாக வந்த செய்தி எனக்குப் பிடித்திருந்தது: 1983 உலகக் கோப்பை அணி உதவத் தயார், ஆனால் முதலில் அவர் மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டும். கறாராக இருக்கிறதே என்று சிலர் முகம் சுளித்தார்கள். அந்தக் கறாரில்தான் அக்கறை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த ஏப்ரலில் கவாஸ்கரின் அறக்கட்டளை, அவர் வாழும்வரை மாதம் 30,000 ரூபாய், மருத்துவத்துக்கு வருடம் 30,000 என்று ஏற்பாடு செய்தது. டெண்டுல்கரையும் சொல்ல வேண்டும். 2009ல் ஒரு டிவி நிகழ்ச்சியில் காம்ப்ளி, நண்பன் தனக்கு இன்னும் உதவியிருக்கலாம் என்று குறைப்பட்டார். 2013ல் தன் அறுவைச் சிகிச்சைச் செலவை ஏற்றது அதே நண்பன்தான் என்று பின்னாளில் காம்ப்ளியே சொன்னார்.

நானும் அண்ணியின் பேச்சுக்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். மாதம் ஆயிரம், அண்ணி நம்பருக்கு. பெரிய தொகை இல்லை, தெரியும்.

2024 டிசம்பர் 3ந்தேதி சிவாஜி பார்க்கில் டெண்டுல்கருக்கும் காம்ப்ளிக்கும் பயிற்சி கொடுத்த அச்ரேக்கரின் நினைவுச் சின்னத் திறப்பு. மேடையில் உட்கார்ந்திருந்த காம்ப்ளியிடம் டெண்டுல்கர் போய்ப் பேச, அவர் நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு வாரம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகப் பொன்மலை போயிருந்தேன். டீக்கடையில் அண்ணன். பற்கள் இரண்டு போயிருந்தன. போனில் அந்த வீடியோவைக் காட்டினேன். காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் காட்டினேன்.

மூன்று தடவை பார்த்தார். கண் கலங்குவார் என்று நினைத்தேன், அதெல்லாம் இல்லை. திரையில் அந்தக் கையின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"கிரிப்பப் பாருடா. இறுக்கமா புடிச்சிருக்காரு. மேட்டிங்ல அப்படித்தான் புடிக்கணும்."

டீ குடித்து முடித்தோம். வழக்கம்போல இருநூறு கேட்டார். அண்ணி நம்பருக்கு அனுப்பிவிட்டேன் என்றேன்.

"அவ சொல்லிட்டாளா" என்றபடி போனைத் திருப்பிக் கொடுத்தார்.