காசு கொடுக்குமுன் பில்லைக் கூட்டிப் பாருங்கள்

பிள்ளைகளோடு நுவரெலியா, ஹட்டன் பக்கம் சாப்பிடப் போகிறவர்கள் பில்லை ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து இலங்கையில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 18 வீதம். மனக்கணக்கு லேசுதான்: 20 வீதம் எடுத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 2,500 ரூபாய்க்கு 500, அதில் 50 போனால் 450. வரி சேர்த்த விலையே 1,180 என்றால் உள்ளே இருக்கும் வரி 180. அதன்மேல் திரும்பவும் 18 வீதம் போட விடாதீர்கள்.

10 வீத சேவைக் கட்டணம் பில்லில் இருந்தால் தனியாக டிப்ஸ் கட்டாயமில்லை. மனசிருந்தால் பரிமாறிய தம்பியின் கையிலேயே கொடுங்கள். நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள்.

அப்புறம், கடைச் சாமான்: பக்கெட்டில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் வரி என்று கேட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்துச் சொல்லுங்கள்.