பரண்ல இருந்த வீடியோ கேமராவும் புதுத்தண்ணியும்

2025 ஜூன் 8, ஞாயிறு

பரண்ல இருந்து டிரங்குப் பொட்டிய எறக்கியாச்சு. அப்பாவோட பழைய வேட்டில சுத்தி வச்சிருந்த வீடியோ கேமரா, சார்ஜர், 11 கேசட். 2004ல அத்தான் சிங்கப்பூர்லேர்ந்து வர்றப்போ வாங்கிட்டு வந்தது. மினிடிவி கேசட் போடற மாடல். தீப்பெட்டிய விட கொஞ்சம் பெரிசா இருக்கும் அந்த கேசட்டு, உள்ள நாடா அகலம் 6.35 மில்லிமீட்டர்தான், ஆனா எழுதுறது டிஜிட்டல், அதனாலதான் 20 வருஷம் கழிச்சும் கலர் மங்காம இருக்கு.

பேட்டரி செத்துப்போச்சு. அடாப்டர நேரா சொருகினேன், லென்ஸ் மூடி தொறந்துச்சு, சின்ன ஸ்கிரீன்ல எங்க கூடம் தெரிஞ்சுது, அம்மா அடுப்படிலேர்ந்து எட்டிப் பாத்து "அது இன்னுமா ஓடுது"ன்னாங்க. சந்தோஷத்துல என்ன செய்றோம்னு யோசிக்காம செவப்பு பட்டன அமுக்கிட்டேன். உள்ள ஒரு கேசட் ஏற்கனவே கெடந்துச்சு. எடுத்து லேபிள் பாத்தா அப்பா கையெழுத்து, "ஆடிப்பெருக்கு 2005".

6 செகண்ட். 2005 ஆத்தங்கரை மேல இன்னிக்கி எங்க வீட்டு தரை 6 செகண்ட் பதிஞ்சிருச்சு. இனி அது வராது. கேசட் முதுகுல ஒரு சின்ன பூட்டு மாதிரி இருக்கும், சேவ் பக்கம் தள்ளிட்டா மேல எதுவும் எழுத முடியாது. 11 கேசட்லயும் அது தொறந்தே கெடந்துச்சு, எல்லாத்தையும் தள்ளி மூடிட்டுதான் சாப்புட்டேன். சோறு எறங்கல.

2025 ஜூன் 10

தஞ்சாவூர்ல கல்யாண வீடியோ எடுக்கற அண்ணன் ஒருத்தர் ஸ்டுடியோவுக்கு 2 கேசட் எடுத்துக்கிட்டு போனேன். ஒரு காலத்துல அவர்ட்ட மாசத்துக்கு 40 கேசட் ஓடுமாம். அவரு மெஷின்ல போட்டாரு. படம் பூராவும் கட்டம் கட்டமா ஒடையுது, சத்தம் விட்டு விட்டு வருது. நாடா பூஞ்சக் காளான் புடிச்சிருச்சோன்னு பயந்தேன், இந்த ஆத்தோர ஈரத்துல அது சகஜம். அண்ணன் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "நாடா சுத்தமா இருக்கு தம்பி, ஒங்கப்பா எல்பில எடுத்திருக்காரு"ன்னாரு.

விஷயம் இதான். கேமராவுல பதியறதுக்கு எஸ்பி, எல்பின்னு ரெண்டு வேகம் இருக்கு. எஸ்பில எடுத்தா கேசட்டுக்கு 60 நிமிஷம், எல்பில எடுத்தா 90. நாடா மெதுவா ஓடும், பதியற கோடும் ஒல்லியாயிரும், எஸ்பில 10 மைக்ரான்னா (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்) எல்பில 6.7. அவ்வளவு ஒல்லிக் கோட்ட, எழுதின மெஷினோட ஹெட்டுதான், அதாவது நாடாவ எழுதிப் படிக்கற முனைதான், ஒழுங்கா படிக்கும், வேற மெஷின் கொஞ்சம் பெசகினாலும் பக்கத்து கோட்டுல ஏறிரும். அதாவது இந்த 11 கேசட்டையும் படிக்க ஒலகத்துல நம்பி இருக்கறது எங்க வீட்டு கேமரா ஒன்னுதான். அது போச்சுன்னா கேசட்டும் போச்சு.

"புதுசா ஷூட்டிங்லாம் அப்பறம் பாத்துக்க, மொதல்ல பழச எடுத்துரு"ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. பஸ்ல அந்த ரெண்டு கேசட்டையும் மடியில வச்சுக்கிட்டே வந்தேன்.

2025 ஜூன் 12

இன்னிக்கி காவிரில மேட்டூர் அணைய தொறந்தாச்சு. போன வருஷம் ஜூன் 12க்கு தொறக்கல, ஜூலை கடைசிலதான் தண்ணி விட்டாங்க, குறுவை நெல்லு போட்டவங்க பட்ட பாடு ஊருக்கே தெரியும். இந்த வருஷம் நாளு தப்பாம வந்திருக்கு.

ராத்திரி அப்பாட்ட கேட்டேன், ஏம்ப்பா எல்லாத்தையும் எல்பில போட்டீங்கன்னு. "ஒரு கேசட் விலைக்கு ரெண்டு நாள் காய்கறி வாங்கலாம்ப்பா. 60 நிமிஷத்துக்கு பதிலு 90 நிமிஷம் வருதுன்னா எவன் விடுவான்"னாரு. நியாயம்தானே. அப்ப இருந்த நெலமைக்கு நானும் அதையேதான் செஞ்சிருப்பேன்.

2025 ஜூன் 15

சாயங்காலம் கல்லணை தொறந்தாச்சு. திருவையாறு பக்கம் எங்க ஊருக்கு வர எப்படியும் ஒன்னு ரெண்டு நாளாவும், மணலு குடிச்சது போக மீதிதான் நகரும்.

ஸ்டுடியோ அண்ணன் பேச்ச மீறப் போறேன். ஒரே ஒரு புது கேசட்டு, எஸ்பில, புதுத்தண்ணி வர்றத மட்டும் எடுக்கணும். போன்ல எடுத்தா ஆவாதான்னு தம்பி கேட்டான். ஆவும். ஆனா அப்பா எடுத்த ஆத்த அதே கண்ணாடி வழியா பாக்கணும்னு இருக்கு. பேட்டரி ஒன்னு புதுசா வாங்கியாச்சு. தூசியும் ஈரமும் வேணாம்னு கேமராவ தம்பியோட ஏசி ரூம்ல வச்சிருக்கேன்.

2025 ஜூன் 17, செவ்வாய்

வெடிய நாலே முக்காலுக்கு மாமா போன் பண்ணாரு, "மாப்ள, மேக்கால வந்துருச்சு, ஓடியா". ஏசி ரூம்லேர்ந்து கேமராவத் தூக்கிக்கிட்டு ஓடினேன். படித்துறைல நின்னு ஆன் பண்ணா ஸ்கிரீன்ல தண்ணிச் சொட்டு மாதிரி ஒரு படம் மினுக்குது. கேசட்ட வெளிய எடுன்னு மட்டும் சொல்லுது. வேற எந்த பட்டனும் கேக்கல.

ஐஸ் தண்ணி ஊத்துன சொம்பு வெளிய வேர்க்கும்ல, அதேதான். ராத்திரி பூரா ஏசில குளுந்து கெடந்த கேமரா ஆத்தங்கரை புழுக்கத்துக்கு வந்ததும் உள்ள வேர்த்துருச்சு. ஹெட் இருக்கற உருளை நிமிஷத்துக்கு 9000 சுத்து சுத்தும், அது ஈரமா இருந்தா நாடா அதுல ஒட்டிக்கிட்டு கிழிஞ்சிரும், அதனாலதான் கேமராவே ஓட மாட்டேன்னு நிக்குது. மூடியத் தொறந்து வச்சு ஒரு மணி நேரம் காத்திருக்கறதத் தவிர வேற வழி கெடையாது.

அதனால கண்ணாலதான் பாத்தேன். மொதல்ல சத்தம், சருகுல யாரோ நடந்து வர்ற மாதிரி. அப்பறம் ஒரு மொழம் அகலத்துக்கு பழுப்பு நொர, அதுக்கு முன்னாடி ஆலஞ்சருகு, வேப்பம்பழம், ரப்பர் செருப்பு ஒன்னு, எல்லாம் உருண்டுக்கிட்டு வருது. காஞ்ச மணல்ல நண்டு வளை, எறும்புப் புத்து ஒவ்வொன்னுலயும் தண்ணி எறங்கறப்ப குபுகுபுன்னு கொமிழி வருது, எறும்பெல்லாம் முட்டைய வாயில கவ்விக்கிட்டு கோரைத் தண்டுல ஏறுது. நடக்கற வேகம்தான். பசங்க அதுக்கு முன்னாடியும் பின்னாடியுமா நடந்து போனானுங்க. கெழவி ஒருத்தங்க குனிஞ்சு நொரயத் தொட்டு நெத்தில வச்சுக்கிட்டாங்க. அந்த மண்வாசன எந்த கேமராவுலயும் வராது, அது வேற விஷயம்.

ஆறேகாலுக்கு கேமரா சரியாச்சு. அப்போ மொழங்கால் தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு. 22 நிமிஷம் எடுத்தேன். நொர போயிருச்சு.

யாராவது இந்த மாதிரி கேமரா வச்சிருந்தீங்கன்னா ஏசில வைக்காதீங்க. டப்பால ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு சாதாரண ரூம்ல வைங்க.

2025 ஜூன் 22

கேப்சர், அதாவது கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தற வேல, ஆரம்பிச்சாச்சு. கேமராவுல இருக்கற யுஎஸ்பில போட்டோதான் ஒழுங்கா வரும், கேசட்டுல இருக்கறது அப்படியே வரணும்னா ஃபயர்வயர்னு ஒரு தனி கேபிள் வேணும், இப்ப வர்ற லேப்டாப்புல அந்த ஓட்டையே கெடையாது. ஸ்டுடியோ அண்ணன் ஒரு மூலைல கெடந்த பழைய டெஸ்க்டாப்ப ஃபயர்வயர் கார்டோட குடுத்தனுப்பினாரு, காசு வாங்கல.

ஒரு மணி நேர படம்னா ஒரு மணி நேரம் ஓடணும், காப்பி பேஸ்ட் கெடையாது. மணிக்கு 13 ஜிபி. மொத கேசட்டு 18 நிமிஷத்துல நின்னுபோச்சு, திரும்பப் போட்டாலும் அதே எடம். கேசட்டுதான் போச்சுன்னு வயிறு கலங்கிருச்சு. கடைசில பாத்தா ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 ஃபார்மேட், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போவாது. என்டிஎஃப்எஸ் மாத்தினதும் ஓடிருச்சு.

2025 ஜூலை 6

7 கேசட் முடிஞ்சுது. மேட்டூர் அணை ஜூன் 29ஆம் தேதியே 120 அடி தொட்டு நெறஞ்சிருச்சு, ஆறு ரெண்டு கரையும் போவுது.

இன்னிக்கி ஓடினது திருவையாறு ஏழூர் பல்லக்கு திருவிழா. தவுல் ஒரு அடி விழுந்தா போதும், நாயனம் அப்படியே அமுங்கிப்போவுது, தவுல் நின்னதும் நாயனம் மெல்ல மெல்ல மேல வருது. கேமரா தானா சத்தத்த ஏத்தி எறக்கறதால வர்றது. பாதி கேசட்டுக்கு அப்பறம் அது இல்ல, நாயனம் தெளிவா கேக்குது. அப்பாவக் கேட்டா, "தவுல்காரர் பக்கத்துல நின்னா சத்தம் அடிச்சுது, அதான் நாயனத்து பக்கமா சுத்தி வந்துட்டேன்"னாரு. யாரும் சொல்லிக் குடுக்காம காதாலயே கண்டுபுடிச்சிருக்காரு மனுஷன். இத 20 வருஷம் எனக்குத் தெரியாது.

"ஆடிப்பெருக்கு 2005" ஓடறப்ப அந்த 6 செகண்டும் வந்துச்சு. அம்மா விளக்க தண்ணில விட கை நீட்டறாங்க, டக்குனு எங்க வீட்டு தரை, அப்பறம் விளக்கு நாலு அடி தள்ளிப் போயிருக்கு. கையவிட்டு போற அந்த நேரம்தான் போச்சு. அப்பா ஒன்னும் சொல்லல. அம்மாதான், "விட்டது நான்தானே, எனக்கு ஞாபகம் இருக்கு, விடு"ன்னாங்க.

2025 ஆகஸ்ட் 3, ஆடி 18

11 கேசட்டும் முடிஞ்சு ரெண்டு டிஸ்க்ல ஏத்தியாச்சு, ஒன்னு அத்தான் வீட்டுல இருக்கு.

கேமரா நேத்து ராத்திரி பூரா கூடத்துலயேதான் இருந்துச்சு. காலைல படித்துறைல எள்ளு விழ எடமில்ல. காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சக் கயிறு, பசங்க இழுத்துக்கிட்டு வந்த சப்பரம். புதுத்தண்ணி எடுத்த அதே கேசட்டுல மீதி 38 நிமிஷம். அப்பா குடைய ஊணிக்கிட்டு பின்னாடி நின்னு, "ஜூம் பண்ணாத, நீ கிட்டப் போ"ன்னாரு. எறங்கினேன், இடுப்பு வரைக்கும் தண்ணி, கேமராவ நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு. அம்மா விளக்க விட்டாங்க. கை விட்டதுலேர்ந்து பாலத்துக்கு அந்தாண்ட திரும்பற வரைக்கும் நிறுத்தாம எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கேசட்ட வெளிய எடுத்து பூட்ட சேவ் பக்கம் தள்ளினேன். லேபிள் மட்டும் அப்பாவ எழுதச் சொன்னேன்.