தானாக வருதா, அமுக்கினால் வருதா?

மார்புக் காம்பில் ஏதாவது கசிந்தால் நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். நானும் அதைத்தான் பார்த்தேன், ஏனென்றால் என்னுடையது சிவப்பு. வயது 43, சின்னவன் பால் மறந்து பல வருஷம் ஆகிவிட்டது. ப்ராவின் வலது பக்கத்தில் உள்ளே பழுப்பாக ஒரு கறை, துவைத்தால் போகும், மறுபடி வரும். இடது பக்கம் சுத்தமாக இருக்கும். வலி கிடையாது, கைக்குக் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. வெள்ளைத் துணியை வைத்துப் பார்த்தபோதுதான் இரத்தம் என்று உறுதியானது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக்கில் பரிசோதிக்காமலே "இன்ஃபெக்‌ஷனா இருக்கும்மா" என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை, அப்புறம் என்ன இன்ஃபெக்‌ஷன்? எனக்கு மனசு கேட்கவில்லை. என் அக்கா நர்ஸ், அவளிடம் போனில் சொன்னதும், "சர்ஜரி ஓ.பி.க்குப் போடி, மார்பு சம்பந்தப்பட்டதெல்லாம் அங்கேதான் பார்ப்பாங்க. அதுவரைக்கும் வருதா வருதான்னு அமுக்கிக்கிட்டே இருக்காதே" என்றாள். அமுக்க அமுக்கக் கசிவு அதிகமாகும், அதுமட்டுமில்லாமல் எல்லாவற்றையும் நாமே பிதுக்கி எடுத்துவிட்டுப் போனால் டாக்டர் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

சர்ஜரி டாக்டர் ஒரு பெண்மணி. நிறத்தைப் பற்றி அப்புறம்தான் கேட்டார். தானாக வருதா, அமுக்கினால் மட்டும் வருதா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? மாதவிடாய் ஒழுங்காக வருதா, வீட்டில் யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருக்கா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? பிறகு காம்பைச் சுற்றிக் கடிகார முள் போகிற திசையில் ஒவ்வோர் இடமாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒரே ஓர் இடத்தில் அழுத்தும்போது மட்டும் ஒரே ஒரு துவாரத்திலிருந்து ஒரு துளி வந்தது. காம்பில் பால் வரும் துவாரங்கள் நிறைய உண்டு. இரண்டு பக்கமும் பல துவாரங்களிலிருந்து வந்தால் பெரும்பாலும் ஹார்மோன், மருந்து, வயது என்று காரணம் பொதுவானதாக இருக்குமாம். ஒரு பக்கம், ஒரு துவாரம், அதுவும் தானாக, இரத்தமாகவோ தண்ணீர் போலத் தெளிவாகவோ வந்தால் அந்தத் துவாரத்துக்குப் பால் வரும் குழாய்க்குள்ளேயே ஏதோ இருக்கிறது என்று தேட வேண்டும்.

மாத்திரை பற்றி ஏன் கேட்டார் என்பது பிற்பாடு என் நாத்தனார் விஷயத்தில்தான் புரிந்தது. பிள்ளை பெற்றுப் பல வருஷம் கழித்து அவளுக்கு இரண்டு பக்கமும் பால் கசிந்திருக்கிறது, கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. அவள் நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரையில் டோம்பெரிடோன் சேர்ந்திருந்தது. அது புரோலாக்டின் என்கிற, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனை ஏற்றிவிடும். முதலில் கர்ப்பமா என்று பார்த்தார்கள், அப்புறம் புரோலாக்டின், தைராய்டு இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை. மாத்திரையை மாற்றியதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. இதிலேயே புரோலாக்டின் மிக அதிகமாக இருந்தாலோ, தலைவலியும் பார்வைக் கோளாறும் சேர்ந்திருந்தாலோ மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். மனநல மருந்துகள் சிலவும் புரோலாக்டினை ஏற்றும், அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் இரண்டும் எடுத்தார்கள். மேமோகிராமில் தட்டுக்கு நடுவே வைத்து அழுத்துவது வலிக்கத்தான் செய்யும், ஆனால் சில நொடிதான். அன்றைக்குப் பவுடர், டியோடரண்ட் எதுவும் போடாமல் போங்கள், அது படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து குழப்பும். மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்டில்தான் காம்புக்குப் பின்னால் ஒரு குழாய் விரிந்து, அதற்குள் சின்னதாக ஒரு வளர்ச்சி தெரிந்தது. கசிவை ஒரு கண்ணாடித் துண்டில் தடவியும் பார்த்தார்கள், அதில் புற்றுநோய் அணு இல்லை. நான் சந்தோஷப்பட்டேன், டாக்டர் படவில்லை. "இதுல இல்லைன்னு வந்தா இல்லைன்னு அர்த்தம் கிடையாதும்மா" என்று சொல்லி ஊசி வழியாகச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்.

வந்த பெயர் பாப்பிலோமா. குழாய்க்குள் முளைத்த மரு மாதிரி. இரத்தக் கசிவுக்கு அதிகம் காணப்படும் காரணமே இதுதான், புற்றுநோய் இல்லை. அப்படியானால் எதற்கு ஆபரேஷன் என்று என் வீட்டுக்காரர் கேட்டார், நியாயமான கேள்விதான். ஊசியில் வந்தது ஒரு துணுக்கு, மீதியில் என்ன இருக்கிறது என்பது முழுசாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், கசிவும் நிற்கும் என்றார்கள். மயக்கம் கொடுத்து, அந்தத் துவாரத்துக்குள் மெல்லிய கம்பி விட்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரமாகக் கீறி, அந்த ஒரு குழாயை மட்டும் எடுத்தார்கள். தழும்பு தேடினால்தான் தெரிகிறது. காம்பில் கொஞ்சம் மரத்த உணர்வு இன்னும் இருக்கிறது. இனிமேல் குழந்தை பெற்றுப் பால் கொடுக்கும் எண்ணம் இருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எடுத்த சதையின் ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதிலும் பாப்பிலோமா மட்டும்தான்.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது கேட்டால், பாலூட்டுகிறவர்களுக்கும் சமீபத்தில் நிறுத்தியவர்களுக்கும் பால் கசிவது சகஜம் என்று சொல்வேன். மாதவிடாய் நிற்கும் வயதில் அமுக்கும்போது இரண்டு பக்கமும் பச்சையாகவோ கெட்டியாகவோ வருவது பெரும்பாலும் குழாய் விரிவதால், ஒருமுறை காட்டிவிட்டால் நிம்மதி. இரத்தமோ தெளிந்த நீரோ தானாக வந்தால், கட்டி தட்டுப்பட்டால், காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டால், காம்பில் ஆறாத சொறி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆணுக்கு வந்தால் நிறமெல்லாம் பார்க்கவே வேண்டாம், நேராகப் போக வேண்டியதுதான். போகும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், கேஸ் மாத்திரைதானே என்று விட்டுவிடாமல், பையில் போட்டு எடுத்துப் போங்கள்.