ஹிமேனெஸ் போன பிறகு: கார்டியன்ஸ் இன்ஃபீல்ட் 2025

2025 மார்ச் 27 அன்று கேன்சஸ் சிட்டியில் கிளீவ்லாண்ட் கார்டியன்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணிக்கு சீசன் தொடங்குகிறது. போன வருடம் 92 ஆட்டங்களை ஜெயித்து, அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்று வரை போய், அங்கே நியூயார்க் யாங்கீஸிடம் 4-1 என்று அடி வாங்கிய அணி. அதே ஆட்கள் திரும்பி வந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் டிசம்பரில் இரண்டு வாரத்துக்குள் இன்ஃபீல்டின் (பேஸ்களைச் சுற்றி நிற்கும் நாலு ஃபீல்டர்கள்) வலது பாதியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். செகண்ட் பேஸில் ஆடிய ஆந்த்ரேஸ் ஹிமேனெஸ் டொராண்டோவுக்கு, ஃபர்ஸ்ட் பேஸில் ஆடிய ஜாஷ் நேலர் அரிசோனாவுக்கு.

ரசிகர்கள் நேலரை நினைத்துத்தான் அதிகம் புலம்புகிறார்கள். போன வருடம் 31 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து, தன் அடியால் அணிக்கு 108 ரன் வரவைத்த ஆள், புலம்பாமல் என்ன செய்வார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. இந்த சீசனோடு அவர் ஒப்பந்தம் முடிகிறது, அப்புறம் இங்கே இருந்திருக்கப் போவதில்லை. இப்போதே அனுப்பியதால் ஸ்லேட் செக்கோனி என்ற பிட்சரும் (பந்து வீசுபவர்) ஒரு டிராஃப்ட் தேர்வும் (புது இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கிடைத்திருக்கின்றன. அவர் இடத்துக்கு கார்லோஸ் சந்தானாவை ஒரு வருடத்துக்கு 12 மில்லியன் டாலர் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். நேலருக்கும் ஏறக்குறைய அவ்வளவு தர வேண்டியிருந்திருக்கும், அதனால் இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. (இந்த முதலாளிகளை அப்படித் திட்ட வேறு சந்தர்ப்பங்கள் நிறைய உண்டு.)

சந்தானா கிளீவ்லாண்டுக்கு வருவது இது மூன்றாவது தடவை. ஏப்ரலில் 39 வயது ஆகிறது. வயதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் போன வருடம் மினசோட்டாவில் அவர் செய்ததைப் பார்க்க வேண்டும்: 23 ஹோம் ரன், அதோடு 38 வயதில் வாழ்க்கையின் முதல் கோல்ட் கிளவ் (தன் இடத்தில் சிறந்த ஃபீல்டருக்கான விருது). பேட்டிங் இந்த வருடம் கொஞ்சம் இறங்கலாம், இறங்கட்டும். இளம் பையன்கள் ஓடிக்கொண்டே அவசரத்தில் எறிகிற பந்து தரையில் குத்தி வரும்போது அதை வாரி எடுக்கிற ஃபர்ஸ்ட் பேஸ்மேன் இந்த அணிக்குக் கட்டாயம் வேண்டும். ஏன் என்று கீழே வருகிறேன். கைல் மன்சார்டோ பெரும்பாலும் டிஎச் ஆக (ஃபீல்டிங் இல்லாமல் பேட்டிங் மட்டும்) ஆடிக்கொண்டு, சந்தானாவுக்கு ஓய்வு தரும் நாட்களில் ஃபர்ஸ்ட் பேஸுக்கு வருவார்.

தேர்ட் பேஸைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, அங்கே ஹோசே ரமீரஸ் இருக்கிறார். போன வருடம் 39 ஹோம் ரன், 39 டபுள் (ஒரே அடியில் செகண்ட் பேஸ் வரை போவது), 41 ஸ்டீல் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). இன்னும் ஒரு ஹோம் ரன் அடித்திருந்தால் ஒரே சீசனில் 40 ஹோம் ரன், 40 ஸ்டீல் எடுத்தவர்களின் 40-40 பட்டியலில் பெயர் ஏறியிருக்கும், கடைசி நாள் ஆட்டம் மழையில் கைவிடப்பட்டது. வேறு நட்சத்திரமாக இருந்தால் மாதக்கணக்கில் அதைப் பேசிக்கொண்டிருப்பார்கள். 2022இல் வெளியே போனால் கிடைத்திருக்கக்கூடிய பணத்தை விட்டுவிட்டு, 7 வருடம் 141 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டு இங்கேயே இருந்துகொண்ட மனுஷன் இவர்.

இனி என் கவலைக்கு வருகிறேன். ஹிமேனெஸ் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று கோல்ட் கிளவ் வாங்கியவர், 2023இல் பிளாட்டினம் கிளவும் (லீகின் எல்லா ஃபீல்டர்களிலும் சிறந்தவருக்கான விருது) அவருக்குத்தான். பேட்டிங் என்னவோ 2022க்குப் பிறகு சறுக்கிக்கொண்டேதான் இருந்தது, போன வருடம் சராசரி .252 (நூறு முயற்சிக்குச் சுமார் 25 ஹிட்), 9 ஹோம் ரன். 106.5 மில்லியன் ஒப்பந்தத்தில் பெரிய தொகைகள் எல்லாம் இனிமேல்தான் வரப்போகின்றன என்பதால் நிர்வாகம் கணக்குப் போட்டு விற்றுவிட்டது. கணக்கு புரிகிறது. ஆனால் 2023இலிருந்து செகண்ட் பேஸுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் நிற்க வேண்டும், கால் மண் பகுதியைத் தாண்டி அவுட்ஃபீல்டுக்குப் போகக்கூடாது என்று விதி வந்துவிட்டது, முன்பு போல அவுட்ஃபீல்ட் புல்லில் ஒரு ஆளைக் கூடுதலாக நிறுத்தி ஓட்டையை அடைக்க முடியாது. வலது பக்கம் போகிற பந்தைத் தன் காலால் ஓடிப் பிடிக்கிறவன்தான் பிடிப்பான். ஹிமேனெஸ் பிடித்தார். அவர் ஒருவரே மிச்சப்படுத்திய ரன்கள் ஸ்கோர்கார்டில் எங்கேயும் அவர் பெயரில் தெரியாது, கிரிக்கெட்டில் பாயிண்டில் ஜான்டி ரோட்ஸ் நின்ற மாதிரி. நல்ல பெயர் என்னமோ பிட்சருக்குப் போகும்.

இப்போது அந்த இடத்தில் கேப்ரியேல் அரியாஸ் தொடங்குவார் என்றே தெரிகிறது. கை பலம் அபாரம், ஷார்ட்ஸ்டாப்பே (செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் இடம்) ஆடக்கூடியவர், அதனால் ஃபீல்டிங்கில் ஓட்டை விழாது. பிரச்சினை மட்டை. 2023இல் நிறைய வாய்ப்பு கொடுத்தும் .210தான், ஸ்ட்ரைக் அவுட்டோ (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) கணக்கில் அடங்காது. மைனர் லீகுக்கு (கீழ்நிலைப் போட்டிகள்) தடையில்லாமல் அனுப்பும் வாய்ப்புகளையும் அணி தீர்த்துவிட்டது. இனி அனுப்ப நினைத்தால் முதலில் மற்ற அணிகள் அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம். அந்தப் பயம்தான் அவரை முன்னால் நிறுத்தியிருக்கிறது என்பது என் சந்தேகம்.

ஷார்ட்ஸ்டாப்பில் பிரையன் ரோக்கியோ. போன வருடம் முழுக்க .206 அடித்துவிட்டு, அக்டோபரில் பிளே ஆஃப் வந்ததும் வேறு ஆளாக மாறி அடித்தார். அந்த அக்டோபர் ரோக்கியோ நிஜமா என்பதுதான் இந்த அணியின் பெரிய கேள்வி. பேட்டிங் வரிசையின் அடியில் ரோக்கியோவும் அரியாஸும் சேர்ந்து நின்றால் ரமீரஸ் வரும்போது பேஸில் யார் இருப்பார்கள்?

நானாக இருந்தால் செகண்ட் பேஸை ஹுவான் பிரிட்டோவுக்குக் கொடுத்திருப்பேன். இடது, வலது இரண்டு பக்கமும் நின்று மட்டை பிடிப்பார், பொறுமையாக வாக் (நாலு மோசமான பந்துக்கு இலவசமாகக் கிடைக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்) எடுப்பார், அணியின் மைனர் லீக் கிளையான கொலம்பஸில் போன வருடம் நன்றாகவே அடித்தார். ஃபீல்டிங் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரைத் திரும்பவும் மைனர் லீகுக்கே அனுப்பிவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை: 2022இல் நோலன் ஜோன்ஸைக் கொலராடோ அணிக்குக் கொடுத்துத்தான் பிரிட்டோவை வாங்கினார்கள், இப்போது செகண்ட் பேஸும் ஆடக்கூடிய டைலர் ஃப்ரீமனைக் கொலராடோவுக்குக் கொடுத்து அதே ஜோன்ஸைத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்! அதனால் பிரிட்டோவின் போட்டியாளர் ஒருவர் குறைந்திருக்கிறார். எங்கே நிறுத்தினாலும் ஆடுகிற டேனியல் ஷ்னீமன் பெஞ்சில் இருப்பார், அவர் முழுநேரத் தீர்வு இல்லை.

2024 டிராஃப்டின் முதல் ஆள், ஆஸ்திரேலியாக்காரர் டிராவிஸ் பசானாவும் செகண்ட் பேஸ்தான். எல்லாரும் அவருக்காகக் காத்திருக்கிறார்கள், ஆனால் இந்த வருடமே மேலே வருவார் என்று நான் நம்பவில்லை. என் கணிப்பு: மே கடைசி வரை அரியாஸுக்குப் பொறுமை காட்டுவார்கள், அதற்குள் அவர் ஸ்ட்ரைக் அவுட்டைக் குறைக்காவிட்டால் ஜூனில் பிரிட்டோ வந்துவிடுவார். ரோக்கியோவும் தடுமாறினால் அரியாஸ் ஷார்ட்ஸ்டாப்புக்கு நகர்வார், அப்போது சந்தானாவின் கிளவுஸுக்கு நிறைய வேலை இருக்கும்.